வெள்ளைக்குள் வெள்ளை

மறதி நோயுள்ள தன் உம்மாவுக்குக் குளியலறை கட்ட, போன வருடம் ஒருவர் என் ஹாட்வெயார் கடைக்கு வந்தார். 'வெள்ளைதான் சுத்தம்' என்று சொல்லி, டைல்ஸ், கொமட், சீட் எல்லாம் வெள்ளையிலேயே கொடுத்தனுப்பினேன். இரண்டு கிழமையில் திரும்பி வந்தார். கொமட் எங்கே என்று தெரியாமல் உம்மா பக்கத்தில் உட்காரப் போய் விழுந்துவிட்டாராம். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை.

பிழை என்னுடையது. டிமென்சியா உள்ளவர்களுக்கு ஒரே நிறப் பொருட்களைப் பிரித்தறிவது கஷ்டம். நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்று கடும் நிறம், மற்றது வெளிர் நிறமாக வேண்டும். கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் பயனில்லை. தரைக்கு மட்டும் கதை வேறு. கறுப்புக் கால்மிதி அவர்களுக்குக் குழியாகத் தெரியலாம், பளபளக்கும் டைல்ஸ் தண்ணீராகத் தெரியலாம். ஆகவே தரை எங்கும் ஒரே சாயலில், மினுக்கமின்றி இருக்கட்டும்.

பீங்கான் வியாபாரிகளுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய அல்சைமர் நோயாளிகளுக்கு வெள்ளைக்குப் பதில் கடும் சிவப்புப் பாத்திரங்களில் கொடுத்தபோது, உணவு 25 வீதமும் பானம் 84 வீதமும் கூடுதலாக உட்சென்றது. 9 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் நாம் வெள்ளைப் பீங்கானில் வெள்ளைச் சோறு வைத்துவிட்டு, 'வாப்பா சாப்பிடுகிறாரில்லை' என்கிறோம்!

அந்த வாடிக்கையாளரின் டைல்ஸைக் கழற்றவில்லை. கடும் நீல சீட் ஒன்றும், நீலக் கைப்பிடிக் கம்பி ஒன்றும் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. மினுக்கமில்லாத தரை டைல்ஸும் கொஞ்சம் இறக்கியிருக்கிறேன். மெதுவாகத்தான் விற்கிறது.