ஐந்தாம் பருவமும் ஐந்து பேப்பரும்

முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்று அம்மா கேசரி கிளறினார். ஐந்து பேப்பரிலும் பாஸ், மொத்தம் 231. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அரியர் வைக்காமல் தாண்டியதே அன்றைக்குப் பெரிய காரியம். அந்த 231 என் உதவித்தொகைக்கு உலை வைக்கப் பார்த்தது என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பென்னாகரம் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கரில் மல்பெரி, பட்டுப்புழு வளர்க்கிறோம். அப்பா பெங்களூரில் சென்ட்ரிங் வேலை. 2022-இல் தருமபுரியில் பி.காம். சேர்ந்தேன். பிளஸ் டூ மதிப்பெண் கைகொடுத்ததால் மத்திய கல்வி அமைச்சகத்தின் கல்லூரி மாணவர் உதவித்தொகை கிடைத்தது. பிளஸ் டூவில் அந்தந்தக் கல்வி வாரியத்தின் முதல் 20 சதவீதத்துக்குள் வர வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஒரு தடவை கிடைத்துவிட்டால் மூன்று வருடமும் தானாக வரும் என்று நினைத்திருந்தேன்.

எங்கள் டியூட்டர் சார்தான் கண்ணைத் திறந்தார். “பாஸ் ஆகறதுக்கு 40 போதும். உனக்கு 50 வேணும் தம்பி. அட்டெண்டன்ஸும் 75 வேணும். ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் அடுத்த வருஷம் புதுப்பிக்க முடியாது” என்றார். ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டு செமஸ்டருக்கும் சேர்த்து 1000-க்கு 500 வேண்டும். கையில் 231. அடுத்த செமஸ்டரில் 269 எடுத்தாக வேண்டும்.

வருகைக் கணக்கு இன்னும் மோசம். செமஸ்டருக்கு 90 வேலை நாள். நான் போனது 62. அபராதக் கட்டணம் கட்டித்தான் தேர்வே எழுதியிருந்தேன். ஆண்டுக்கு 180 நாளில் முக்கால் பங்கு என்றால் 135. மீதி 73 நாளை அடுத்த செமஸ்டரில் போயாக வேண்டும். எடுக்கக்கூடிய விடுப்பு 17 நாள் மட்டும்.

போன நாள்கள் எங்கே போயின?

அன்று இரவு உட்கார்ந்து எண்ணினேன். ஊர் சுற்றியோ சினிமாவுக்குப் போயோ ஒரு நாளும் தொலைக்கவில்லை. பட்டுப்புழு நான்கு முறை தோல் உரித்து ஐந்தாம் பருவத்துக்கு வந்துவிட்டால், ஏறக்குறைய ஒரு வாரம் அதற்கு வாய் மூடாது. வாழ்நாள் முழுக்கத் தின்னும் தழையில் பெரும் பங்கை அந்த ஒரு வாரத்தில்தான் தின்னும். கொட்டகைக்குள் நின்றால் ஓட்டின் மேல் மழைத் தூறல் விழுகிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தழை வெட்ட, சுமக்க, போட ஆள் வேண்டும். பழுத்த புழுக்களைப் பொறுக்கி, கூடு கட்ட நெட்ரிகாவில் விடும் நாளில் வீடே அங்கேதான். ஒரு பேட்சுக்கு ஏழு நாள். மூன்று பேட்சுக்கு 21. நடுவில் காய்ச்சலுக்கு நான்கு. காலை பஸ்ஸை விட்டு முதல் மணி நேரம் தவறினால் அரை நாள் போச்சு. அப்படி ஆறு தடவை. ஆக 28.

பிள்ளை கல்லூரிக்கு ஒரு நாள் போகாவிட்டால் என்ன ஆகிவிடும் என்பதுதான் அம்மாவின் கணக்கு. புழுவுக்கு ஒரு வேளை தழை தவறினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். வருகைப் பதிவின் பசி அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

வீட்டில் எண்ணைச் சொல்லுங்கள்

நான் கற்ற முதல் பாடம் இது. “படிக்க வேண்டியிருக்கு” என்று பொதுவாகச் சொன்னால் எந்த வீட்டிலும் எடுபடாது. “17 நாள்தான் இருக்கும்மா, அதுக்கு மேல போனா 12,000 போயிரும்” என்றேன். அம்மா கையிலிருந்த தழையைக் கீழே வைத்தார். “இதை மொதல்லயே சொல்றதுக்கு என்னடா?”

கொட்டகைக் கதவில் அவர் கரியால் பேட்ச் தேதிகளைக் கிறுக்கி வைப்பார். அதன் பக்கத்தில் என் விடுப்புக்கு ஒரு கட்டம் போட்டேன். இளம்புழு வாங்கும் தேதியை ஒன்பது நாள் தள்ளினோம். ஐந்தாம் பருவம் சரியாகப் பொங்கல் விடுமுறையில் விழுந்தது. மற்ற பேட்சுகளுக்குச் சித்தியும் நாங்களும் மாற்றாள் வைத்துக்கொண்டோம். விடியற்காலை தழை வெட்டு என் பொறுப்பு. அதை முடித்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன். அந்த செமஸ்டரில் எடுத்த விடுப்பு 14. உங்கள் வீட்டில் அது தக்காளி பறிப்பாக இருக்கலாம், மாங்காய் சீசனாக இருக்கலாம், செங்கல் சூளையாக இருக்கலாம். செமஸ்டர் தொடங்கும் அன்றே வேலை நாள்காட்டியையும் கல்லூரி நாள்காட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மதிப்பெண்ணும் அதே கணக்கில்தான்

இரண்டாம் செமஸ்டரில் 281 வாங்கினேன். முன்னைவிட 50 கூடுதல். ஏதோ ராப்பகலாகப் படித்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை வேறு. எங்களுக்கு இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75. முதல் செமஸ்டரில் இன்டர்னல் டெஸ்ட் நடந்த நாள்களில் பாதிக்கு நான் கொட்டகையில் இருந்தேன். பேப்பருக்குச் சராசரியாக 14 வந்தது. வகுப்பில் இருந்து டெஸ்ட் எழுதி, அசைன்மென்ட்டைத் தேதியில் கொடுத்ததும் 21 ஆனது. ஐந்து பேப்பருக்கு 35 மதிப்பெண் அப்படியே வந்தது. தேர்வுத்தாளில் கூடுதலாக எழுதி வாங்கியது 15 மட்டுமே.

ஆகவே பாஸ் மார்க்கை இலக்காக வைக்காதீர்கள். ஒவ்வொரு ரிசல்ட் வந்ததும் உதவித்தொகைக்கு இன்னும் எவ்வளவு வேண்டும் என்று கழித்துப் பாருங்கள். இது நமக்கு மட்டும் வைத்த நிபந்தனையும் இல்லை. அமெரிக்காவில் அரசு உதவி பெறும் மாணவர், நான்கு ஆண்டுப் படிப்பை ஆறு ஆண்டுக்குள் முடிக்கும் வேகத்தில் போகிறாரா என்று கல்லூரி பார்த்துக்கொண்டே இருக்கும்.

பணம் கைக்கு வரும்வரை

புதுப்பித்தல் விண்ணப்பத்தை ஒவ்வொரு ஆண்டும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் நாமே போட வேண்டும். போட்டதோடு முடியாது. கல்லூரி அதைச் சரிபார்த்து அனுப்ப வேண்டும். என் விண்ணப்பம் கல்லூரி அளவிலேயே 20 நாள் நின்றது. வாரம் ஒருமுறை நிலையைப் பார்த்ததால் தெரிந்தது. நேரில் போய்க் கேட்டேன், நகர்ந்தது. அப்பாவின் பழைய நம்பரைக் கொடுத்து வைத்ததால் குறுஞ்செய்தி எதுவும் எனக்கு வரவில்லை. உங்கள் கையில் இருக்கும் நம்பரையே கொடுங்கள். பணம் ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும்; அது எந்தக் கணக்கு என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம் வரும் என்று நம்பிக் கட்டணத்துக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். எங்களுக்கு அந்த இடைவெளியை அடைத்தது தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் வந்த காசு.

நிபந்தனைகளைக் கடைசி வரிவரை படியுங்கள். இந்த உதவித்தொகையோடு இன்னொன்றைச் சேர்த்து வாங்கக் கூடாது. 2024 ஆகஸ்டில் தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டம் வந்தபோது நண்பர்கள் மாதம் 1000 ரூபாய் வாங்கினார்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது விதி. நான் எட்டாவதுவரை தனியார் பள்ளி, எனக்குப் பொருந்தவில்லை.

தங்கை அரசுப் பள்ளியிலேயே படித்தவள். 2025-இல் கல்லூரி சேர்ந்தாள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 வருகிறது. ஒவ்வொரு பேட்சும் முடிந்ததும் கொட்டகையைக் கழுவிச் சுண்ணாம்பு அடிப்போம். கதவை மட்டும் அம்மா தொடவிடுவதில்லை. போன மாதம் ஊருக்குப் போனபோது பார்த்தேன். என் கட்டங்களுக்குக் கீழே புதிதாக ஒரு கட்டம். அதில் தங்கையின் கையெழுத்தில்: ‘மீதி 19’.