கிண்டி பொறியியல் கல்லூரி: விருப்பப் பட்டியல் போடும் முன் ஒரு சுற்று

பிளஸ் டூ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், பொறியியல் கவுன்சலிங்கில் விருப்பப் பட்டியல் போடும் முன் ஒருமுறை கிண்டிக்குக் கூட்டிப் போங்கள். 2018 முதல் எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது. வாசலை மிதிக்காமலேயே கல்லூரியையும் துறையையும் முடிவு செய்துவிடுகிறோம். அக்கா மகனோடு நான் போய்வந்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

போவது எப்படி?

மின்சார ரயிலிலோ மெட்ரோவிலோ வந்தால் கிண்டியில் இறங்கி, அடையாறு பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, அண்ணா பல்கலைக்கழகம் என்று டிக்கெட் கேளுங்கள். பறக்கும் ரயிலில் வந்தால் கோட்டூர்புரம். வேலைநாளில் காலையிலேயே போவது நல்லது. காவலர் கேட்டால் காட்ட அடையாள அட்டை வேண்டும். ஆய்வகம் பார்க்கத் துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். வளாகம் பெரிது, வெயிலும் அதிகம். தண்ணீர் பாட்டில் மறக்காதீர்கள்.

முதலில் சிவப்புக் கட்டடம்

1794 இல் ஜார்ஜ் கோட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நிலம் அளக்க ஆள் வேண்டும் என்பதற்காக, மைக்கேல் டாப்பிங் எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் இந்தக் கல்லூரி. 1859 இல் பொறியியல் கல்லூரி ஆனது. 1920 இல் கிண்டிக்கு வந்தது. 1978 இல் அண்ணா பல்கலைக்கழகம் பிறந்தபோது அதில் சேர்ந்தது. சிவப்புச் செங்கல் வளைவுகளுக்குக் கீழே அந்த நீண்ட தாழ்வாரத்தில் ஒரு நடை நடந்து பாருங்கள். சென்னையில் இதற்கு ஈடான வகுப்பறைக் கட்டடம் இல்லை என்பேன்.

‘சிவில் எடுத்தால் சாஃப்ட்வேர் பக்கம் போக முடியாதே’ என்று கவலைப்படும் அப்பாக்கள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக 1994 இல் டூரிங் விருது பெற்ற ராஜ் ரெட்டி, கிண்டியில் படித்தது சிவில். வெண்மைப் புரட்சியின் வர்கீஸ் குரியன் இங்கே படித்தது மெக்கானிக்கல். இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளரான லலிதா 1943 இல் பட்டம் பெற்றதும் இங்கேதான். சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் 2010 முதல் தமிழ் வழியிலும் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

தவறவிடக் கூடாத துறைகள்

என் முதல் ஓட்டு ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ். நிலம் அளக்கத் தொடங்கிய கல்லூரி இன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தை வைத்து ஏரியையும் பயிரையும் அளக்கிறது. இருநூறு ஆண்டு மரபு அறுபடாமல் ஓடுவது இந்தத் துறையில்தான்.

அடுத்தது அச்சுத் தொழில்நுட்பம். அங்கே ஒரு மாணவி லென்ஸைக் கையில் கொடுத்து, பிஸ்கட் உறை ஒன்றைப் பார்க்கச் சொன்னார். பச்சை என்று நினைத்த இடத்தில் நீலப் புள்ளியும் மஞ்சள் புள்ளியும் தனித்தனியாகக் கிடந்தன. நான்கு மையில் இத்தனை நிறமும் எப்படி வருகிறது என்று அவர் பத்தே நிமிடத்தில் புரியவைத்துவிட்டார். அக்கா மகன் அன்று வாயைத் திறந்து கேள்வி கேட்டது அங்கே மட்டும்தான்.

அதே வளாகத்தில் 1944 இல் தொடங்கிய அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. கெமிக்கல், டெக்ஸ்டைல், லெதர் எல்லாம் இங்கே. ‘தோல் படிப்பா?’ என்று முகம் சுளிக்காதீர்கள். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அதே சர்தார் படேல் சாலையில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகள் சில மணி நேரப் பயணம்தான். இந்த வசதி எத்தனை கல்லூரிக்கு வாய்க்கும்?

கம்ப்யூட்டர் சயன்ஸ் பார்க்கத்தான் எல்லாரும் ஓடுகிறார்கள். பார்க்க அங்கே ஒன்றுமில்லை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்தான். நேரத்தை வீணாக்காதீர்கள்.

விமானவியலும் ஆட்டோமொபைலும் இங்கே இல்லை. அவை அப்துல் கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில். பி.ஆர்க். பார்க்க வந்தவர்கள் இங்கேயே உள்ள கட்டடக்கலைப் பள்ளிக்குப் போகலாம். அதற்கு நாட்டா தேர்வு தனி.

வாசல் புரோக்கர்கள், உஷார்!

வெளியே டீ குடிக்க நின்றோம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஒட்டிக்கொண்டார். “தம்பி கட்ஆஃப் எவ்ளோ?” என்று ஆரம்பித்து, “இங்கயே மேனேஜ்மென்ட்ல போட்டுடலாம் சார், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் குடுங்க” என்றார். நான் முறைத்ததும் பக்கத்தில் மகளோடு நின்ற ஒரு அம்மாவிடம் நகர்ந்தார். அந்த அம்மா மஞ்சப்பையிலிருந்து சுருக்குப் பையை எடுத்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணத் தொடங்கிவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. “இங்க மேனேஜ்மென்ட் கோட்டாவே கிடையாதும்மா, பணத்த உள்ள வைங்க” என்று சத்தம் போட்டேன். ஆள் பைக்கில் ஏறிப் பறந்துவிட்டார். அந்த அம்மாவின் கை அதற்குப் பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தது. பெண்ணின் படிப்புக்காகச் சேர்த்த காசை வாயிலிலேயே பிடுங்கப் பார்க்கிறவனை என்னவென்று சொல்வது?

மறுபடி சொல்கிறேன்: தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இங்கே இடம் கிடைப்பது மதிப்பெண், இடஒதுக்கீடு, கவுன்சலிங் வழியாகத்தான். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்ஆஃபை எந்தப் புரோக்கராலும் மாற்ற முடியாது. சில துறைகளின் பெயரோடு எஸ்.எஸ். என்று போட்டிருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் கூடுதல். கவனித்துப் போடுங்கள்.

பட்டியல் போடும்போது கல்லூரி எண் 1 கிண்டி, 2 அழகப்பா, 4 எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் சயன்ஸ் கிடைக்கவில்லை என்று பெயர் தெரியாத கல்லூரிக்கு ஓடுவதைவிட, இந்த மூன்று எண்களில் கிடைக்கிற துறை பிள்ளைக்குப் பிடித்திருந்தால் அதை எடுங்கள். அதற்கு முன் அந்தத் துறையை ஒருமுறை நேரில் பார்த்துவிடுங்கள்.