மரக்கிளையில் தொங்கிய சோறு

போன மாதம் எங்கள் மானாவாரி உழவர் கூட்டத்தைப் பாஞ்சாலங்குறிச்சியில் வைத்திருந்தோம். கோட்டையைப் பார்த்துவிட்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். பேச்சு வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்குத் திரும்பியது. இப்பத்தான் இயற்கை விவசாயத்துக்கு வந்த தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணாச்சி, கட்டபொம்மன் கிஸ்தி கட்ட மாட்டேன்னு நின்னு கயத்தாறுல தூக்குல தொங்கினார். அது வீரம். ஒரு கை உப்பை அள்ளுறதுல என்ன வீரம் இருக்கு?”

நியாயமான கேள்விதான். 1799-லும் 1801-லும் ரத்தம் பார்த்த மண் இது. கோட்டையை இடித்து, அந்த இடத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்பார்கள். இப்ப நிற்பது 1974-ல் அரசு கட்டியது.

130 வருஷம் கழித்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்கள் கையில் வேலும் இல்லை, வாளும் இல்லை. ஆனால் கேள்வி பழைய கேள்விதான்: உனக்கு நான் ஏன் வரி கட்டணும்? கடலோரத்தில் தானாக விளைந்த உப்பை அள்ளினாலும் அன்றைக்குக் குற்றம். கஞ்சிக்கு உப்பில்லாமல் முடியுமா? ஏழையின் கலயம் வரைக்கும் வந்த வரி அது.

1930 ஏப்ரல் 13-ம் தேதி, ராஜாஜி தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியிலிருந்து கிளம்பினார்கள். தூரம் ஏறக்குறைய 150 மைல். தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் கெட்டிக்காரர். நடப்பவர்களை அடிப்பதைவிட, அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்பவர்களைத் தண்டிப்போம் என்று எச்சரிக்கை விட்டார். பயமுறுத்தல் வெறும் பேச்சில்லை. கும்பகோணத்தில் இடம் கொடுத்த பந்துலு ஐயர் சிறைக்குப் போனார்.

ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள்? சோற்றைப் பொட்டலமாகக் கட்டி, தொண்டர்கள் வரும் சாலையோர மரக்கிளைகளில் தொங்கவிட்டார்கள். கொடுத்தது யார் என்று எந்தப் போலீஸ் கேட்பது, மரத்தையா பிடித்துப் போவது? தார்ன் போட்ட கணக்கில் அந்த மரங்கள் இல்லை. ஏப்ரல் 28-ல் படை வேதாரண்யம் சேர்ந்தது. 30-ம் தேதி உப்பை அள்ளிய ராஜாஜி கைதானார்.

“தம்பி, அந்தப் பொட்டலத்தைக் கட்டின பொம்பளைங்க பேரு எந்தப் புத்தகத்திலயும் இல்லை. அந்தச் சோறு இல்லைன்னா படை பாதியிலேயே நின்னிருக்கும்” என்றேன்.

அவர்கள் வரியை மறுத்ததோடு நிற்கவில்லை, தங்கள் உப்பைத் தாங்களே எடுத்தார்கள். எனக்கு உறைத்தது இதுதான். பல வருஷம் பாக்கெட் விதையையே நம்பி இருந்தவன் நான். ஒரு புரட்டாசியில் கடைக்காரர் கொடுத்த உளுந்து பாதிதான் முளைத்தது. கேட்டதற்கு, மழையைக் குறை சொன்னார். அந்த வருஷம் வட்டிக்கு வாங்கித்தான் சாப்பிட்டோம். அதற்கப்புறம்தான் வீட்டில் மறுபடி விதைக் கலயம் வந்தது.

இதைச் சத்தியாகிரகம் என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம். அவர்கள் ஜெயிலுக்குத் துணிந்தார்கள். நமக்கு அந்தப் பயமே இல்லை. விதையைச் சேர்த்து வைக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கக்கூட 2001-ம் வருஷச் சட்டம் உழவனுக்கு உரிமை கொடுக்கிறது; கம்பெனிப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. உரிமை இருந்தும் கலயம் காலியாக இருந்தால், தப்பு யார் மேல்?

தம்பி பதில் சொல்லவில்லை. கிளம்பும்போது, “குதிரைவாலி விதை இருக்கா அண்ணாச்சி?” என்றார். இரண்டு படி அளந்து கொடுத்தேன். தை அறுப்பு முடிந்ததும் நாலு படியாகத் தரணும். எனக்கில்லை, அடுத்து வந்து கேட்கிறவருக்கு.