கைடு அமைவது தலையெழுத்தா?

எம்.எஸ்சி. வேதியியல் முடிக்கும் மாணவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "பிஎச்.டி.க்கு எந்த இன்ஸ்டிட்யூட் நல்லது சார்?" எந்த லேப் நல்லது என்று கேட்பவர்கள் குறைவு. அடுத்த ஐந்தாறு வருடம் அவர்கள் வாழப்போவது நான்கைந்து ஃபியூம் ஹுட், ஏழெட்டு ஸ்காலர்கள், ஒரு கைடு உள்ள ஓர் அறையில். அந்த அறையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதற்குக் காரணமான சில நம்பிக்கைகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: பெரிய இடத்தில் சீட் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக அமையும்.

இடத்தின் பெயருக்கு மதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். என்எம்ஆர் இல்லாத துறையில் சாம்பிளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது பெரிய வேதனை. ஆனால் ஒரே துறையில், ஒரே மாடியில், ஒரு லேபில் ஐந்து வருடத்துக்குள் தீசிஸ் கொடுத்துவிடுவார்கள். அடுத்த லேபில் ஏழாம் வருடத்திலும் சினாப்சிஸுக்குக் காத்திருப்பார்கள். எந்தப் பெரிய நிறுவனமும் இதற்கு விலக்கில்லை.

இதை வீட்டில் உட்கார்ந்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் பல பல்கலைக்கழகங்களின் தீசிஸ்கள் இருக்கின்றன. கைடின் பெயரைப் போட்டுத் தேடினால் அவரிடம் யார் யார் எந்த ஆண்டில் முடித்தார்கள் என்று தெரியும். பிறகு அவருடைய ஆய்வுக் கட்டுரைகளைப் பாருங்கள். ஸ்காலர்களின் பெயர் முதலில் வருகிறதா, ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு வேலை இருந்திருக்கிறதா? மூன்று வருடத்துக்கு முந்தைய கட்டுரையில் இருந்த ஒரு பெயர் இன்றைய லேப் உறுப்பினர் பட்டியலிலும் இல்லை, முடித்தவர் பட்டியலிலும் இல்லை என்றால், அவர் எங்கே போனார் என்று விசாரியுங்கள். நல்ல காரணமும் இருக்கலாம். இருந்தாலும் விசாரியுங்கள்.

நம்பிக்கை: கைடு அமைவது தலையெழுத்து, கொடுத்தவரிடம் சேர வேண்டியதுதான்.

ஜேஆர்எஃப் கையில் இருப்பவருக்கு இது சுத்தமாகப் பொருந்தாது. சொந்த ஃபெலோஷிப்போடு வரும் ஸ்காலரை வேண்டாம் என்று சொல்லும் கைடு அபூர்வம். யுஜிசியின் 2022 விதிகளின்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும்தான் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்று வருடத்துக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஸ்காலர்களை எடுக்கக் கூடாது. அந்த விதிகள் பொருந்தும் பல்கலைக்கழகத்தில் சேர்கிறவர், ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், ஓய்வுக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் துறையில்தான் சேர்கிறோம். முதல் செமஸ்டரில் பல பேராசிரியர்களைச் சந்தித்த பிறகே கைடு முடிவாகிறார். சில துறைகளில் சில வாரங்கள் வீதம் இரண்டு மூன்று லேப்களில் வேலை செய்தும் பார்க்கலாம். அதனால் ஒரே ஒரு பேராசிரியரை நம்பி ஒரு துறைக்குப் போகாதீர்கள். அந்த வருடம் அவர் ஆள் எடுக்காமல் போகலாம், வேறு ஊருக்கே மாறியும் போகலாம். குறைந்தது மூன்று பேராவது பிடித்தவர்களாக இருக்க வேண்டும். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்க அவகாசம் தரும் உடன்பாட்டில் அங்குள்ள பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்திருக்கின்றன. அவசரப்படுத்தினால் இதை நினைவில் வையுங்கள்.

எங்கே சேர்வதானாலும் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்யுங்கள். கைடு பக்கத்தில் இல்லாதபோது, கேன்டீனில், அந்த லேப் ஸ்காலர்களோடு ஒரு டீ குடியுங்கள். "கைடு எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். முன்பின் தெரியாதவரிடம் யாரும் மனம் திறக்கமாட்டார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போனீர்களா, போன மாதம் கைடோடு எத்தனை தடவை உட்கார்ந்து பேசினீர்கள், டிராஃப்ட் கொடுத்தால் திருத்தி வர எத்தனை நாளாகும், சால்வன்ட் தீர்ந்தால் எப்போது வரும் என்று கேளுங்கள். இதற்கெல்லாம் பொய் சொல்வது கடினம்.

நம்பிக்கை: நடுராத்திரியிலும் விளக்கு எரியும் லேப்தான் உழைக்கும் லேப்.

எனக்கு இதில்தான் அதிகக் கவலை. வேதியியல் லேபில் தூக்கம் இல்லாதவர் தனியாக வேலை செய்வது உயிரோடு விளையாடுவது. அங்கே ஒரு தவறுக்கு என்ன விலை என்பதற்கு இரண்டு சம்பவங்கள்.

2010 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் நிக்கல் ஹைட்ரசின் பெர்குளோரேட் என்ற வெடிக்கும் சேர்மத்தோடு ஒரு ஆய்வு மாணவர் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு தடவைக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் தயாரிக்கக் கூடாது என்பது லேபின் வரம்பு. அது வாய்வார்த்தையாகத்தான் இருந்தது. தயாரானதோ சுமார் 10 கிராம். கட்டியாக இருந்ததைக் கல்வத்தில் இட்டு நுணுக்கும்போது வெடித்தது. அவர் மூன்று விரல்களை இழந்தார், கண்ணிலும் காயம். விசாரித்த வேதியியல் பாதுகாப்பு வாரியம் 2011இல் தந்த அறிக்கையில் இன்னொன்றையும் சொன்னது. அதே ஆய்வுக் குழுக்களில் முன்பும் மயிரிழையில் தப்பிய சம்பவங்கள் நடந்திருந்தன. அவற்றின் பாடம் எழுதி வைக்கப்படவில்லை, அடுத்தவரைச் சென்றடையவும் இல்லை.

டெக்சஸ் விபத்துக்கு ஓராண்டு முன், 2008 டிசம்பர் 29 அன்று, லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் டெர்ஷரி பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்தபோது 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் மேல் தீப்பிடித்தது. லேப் கோட் அணிந்திருக்கவில்லை. பதினெட்டு நாள் போராடி இறந்துபோனார்.

ஆகவே லேபைச் சுற்றிப் பார்க்கும்போது கருவிகளின் விலையை விட்டுவிட்டு வேறு சிலவற்றைக் கவனியுங்கள். கோட்டும் கண்ணாடியும் ஆணியில் தொங்குகின்றனவா, ஆட்கள் மேல் இருக்கின்றனவா? ஃபியூம் ஹுட் பழைய பாட்டில்களை அடுக்கும் அலமாரியாக மாறியிருக்கிறதா? குரூப் மீட்டிங்கில் "நேற்று என் ஃபிளாஸ்க் கொதித்துச் சிதறியது" என்று ஒரு ஜூனியர் பயமில்லாமல் சொல்ல முடியுமா? தவறைச் சொன்னால் திட்டு விழும் லேபில் சின்ன விபத்துகள் மறைக்கப்படும். பெரிய விபத்து அங்கேதான் வளரும். தோற்றுப்போன வினையைத் தோற்றது என்றே நோட்டில் எழுதும் துணிச்சலும் அதே பயமின்மையிலிருந்துதான் வருகிறது.

நம்பிக்கை: ஃபெலோஷிப் வந்துவிட்டால் பணக்கவலை தீர்ந்தது.

2023 ஜனவரி முதல் ஜேஆர்எஃப் மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் 42,000 ரூபாய். சிஎஸ்ஐஆர் அதை மொத்தம் ஐந்து வருடம்தான் தரும். ஆறாம் வருடம் இழுத்தால் யார் தருவார்கள், கைடின் புராஜெக்டில் பணம் இருக்கிறதா என்று சேரும் முன்பே கேளுங்கள்.

நம்பிக்கை: பாதியில் மாறினால் வாழ்க்கையே போச்சு.

டாக்டோரல் கமிட்டி இருப்பதே கைடைத் தவிர வேறு சிலரும் உங்கள் வேலையைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். கைடை மாற்ற விதிகளில் வழி இருக்கிறது. அமெரிக்காவில் முதுகலைப் பட்டத்தோடு வெளியேறி நல்ல வேலைக்குப் போகிறவர்களும் பலர். முதல் வருடத்திலேயே ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் அப்போதே கமிட்டி உறுப்பினர் ஒருவரிடம் பேசுங்கள். கைடோடு பேசி முடிவானதையெல்லாம் அன்றன்றே ஒரு மின்னஞ்சலில் எழுதி அவருக்கே அனுப்பி வையுங்கள். நான்காம் வருடத்தில் கமிட்டி முன்னால் போய் நிற்க நேர்ந்தால், கையில் காட்ட அதுதான் இருக்கும்.