கறுப்புக் கூடாரம் சுடுமா?

கொல்லிமலையில் இரண்டு இரவு கூடாரம் அடித்துத் தங்குவது என்று எங்கள் எருமப்பட்டி வீட்டில் முடிவாயிற்று. என் மகள் ஒரு விளம்பரத்தைக் காட்டினாள். வெளித்துணி வெள்ளை, உள்ளே தொங்கும் படுக்கை அறைகள் மட்டும் கறுப்பு, "வெப்பம் புகாதவை".

"கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும்னு நீங்கதானே அப்பா சொன்னீங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. ஆனால், கறுப்பு தன்மேல் விழும் ஒளியைத்தான் உறிஞ்சும். வெயிலை முதலில் சந்திப்பது வெளித்துணி. அது வெள்ளையாகவோ வெள்ளிப்பூச்சாகவோ இருந்தால் பெரும்பகுதி ஒளி திரும்பிவிடும். கோடையில் நாமக்கல் கோழிப்பண்ணைகளின் கூரைக்கு வெள்ளையடிப்பது இதற்காகவே. எஞ்சிய ஒளியை உள்ளே இருக்கும் கறுப்புத்துணி தடுப்பதால், விடிந்த பிறகும் அறை இருட்டாக இருக்கும். வெளித்துணியே கறுப்பானால் கதை வேறு. அது சூடேறி, கீழே படுத்திருப்பவர் மீது வெப்பத்தைக் கதிர்வீசும்.

இரு துணிகளுக்கும் நடுவே காற்று ஓட வழி வேண்டும். அங்கே சூடான காற்று மேலே ஏறி, உச்சித் திறப்பு வழியே வெளியேறும். வெளித்துணியைக் கையால் அழுத்திப் பாருங்கள். இலேசாக அழுத்தியதுமே உள்துணியில் ஒட்டினால் அந்தக் கூடாரம் வேண்டாம்.

"வெப்பம் புகாதவை" என்பது சரியன்று. பஞ்சு வைத்த துணி வெப்பத்தைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதுவும் இரு திசையிலும்! தூங்கும் ஒருவர் உடல் ஏறத்தாழ 75 வாட் வெப்பம் விடுகிறது. நால்வர் என்றால் மூன்று பழைய 100 வாட் குண்டு பல்புகள். ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பநிலை சுமார் 6 டிகிரி குறையும். மலைமேல் அந்த வெப்பம் இதம். மே மாத எருமப்பட்டியில் அதுவே வேதனை. மூச்சிலுள்ள நீராவியும் துணியில் குளிர்ந்து சொட்டும். ஆகவே மேலும் கீழும் வலைச்சாளரம் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

குளிருகிறதென்று கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவை மூடுவோரும் உண்டு. கூடவே கூடாது! அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் பிணையும். தூங்குபவர் விழிக்காமலே போகலாம்.

மகளுக்கு என் விளக்கம் போதவில்லை. ஒரே அளவான இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்தாள். ஒன்றுக்கு வெளியே வெள்ளைத்தாள், உள்ளே கறுப்புத்தாள்; மற்றதற்கு நேர்மாறாக. இரண்டிலும் வெப்பமானி செருகி, அரைமணி நேரம் மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். நீங்களும் வைத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் போடுங்கள்.