பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள்

தேனி மாவட்ட மனநலத் திட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கச்சிகளுக்கு,

சேர்ந்த மாதமே உங்கள் மேசைக்கு ஒரு படிவம் வரும். மனநல வார்டில் எத்தனை அட்மிஷன், ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன நோய் என்று நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் போகிற இந்தத் தாள்களைக் கூட்டித்தான் மாநிலத்தில் எந்த நோய் எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று பேசுகிறார்கள். மருந்தும் ஆட்களும் ஒதுக்கும்போது அந்தக் கணக்குதான் முன்னால் வந்து நிற்கும். மனநல வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில், அந்தப் பதிவேட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள்.

1. அட்மிஷன் கணக்கை நோயின் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 12 லட்சத்து 45 ஆயிரம் பேர். மனச்சிதைவு நோய் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். வகுத்துப் பாருங்கள், நாலாயிரத்துக்கு மேல் வரும். இப்போது பதிவேட்டைத் திறந்து, ஒரு வருஷத்தில் மனச்சிதைவுக்கான எஃப் 20 என்று குறியிட்டவர்களை எண்ணுங்கள். அந்த நாலாயிரம் பேருக்கும் படுக்கை தேவைப்படாது, உண்மைதான். ஆனால் மாத்திரைகூட எட்டாதவர்கள் அதில் பெரும் பகுதி. 2015–16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாடு உள்ளிட்ட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று அதில் தெரிந்தது. பதிவேட்டில் இருப்பவர்கள் எப்படியோ வாசல் வரை வந்து சேர்ந்தவர்கள்.

2. முதலில் ஊர்ப் பத்தியைப் பாருங்கள், நோய்ப் பத்தியைப் பிறகு பார்க்கலாம்.

1850-ஐ ஒட்டி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் மனநோய் விடுதிகளின் சேர்க்கைக் கணக்கை ஊர் வாரியாகப் பிரித்துப் பார்த்தார். விடுதிக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து நிறையப் பேர், தூரம் கூடக் கூடக் குறைந்துகொண்டே போகிறார்கள். தூரத்து ஊர்க்காரர்களுக்கு மனம் கெடாமல் இருந்ததா என்ன? அவர்களால் வர முடியவில்லை. நூற்றெழுபது வருஷம் கழித்தும் நம் கம்பம் பள்ளத்தாக்கில் கதை அதுதான்.

நம் வார்டு இருக்கிற க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஆண்டிபட்டிப் பக்கம். தேனிக்காரருக்கு அது எட்டிப் பிடிக்கிற தூரம். கம்பத்துக்காரருக்கு ஐம்பது கிலோமீட்டர் போல ஆகும், கூடலூர், லோயர்கேம்ப் என்றால் இன்னும் கூடுதல். பெண்களுக்கு இலவசப் பயணம் 2021இல் வந்தது, நல்ல காரியம். ஆனால் அது டவுன் பஸ்ஸுக்குத்தான். கம்பத்திலிருந்து தேனிக்கு வருகிற வெளியூர் பஸ்ஸில் டிக்கெட் எடுத்தாக வேண்டும். தூக்கமில்லாமல், யாரோ துரத்துகிறார்கள் என்று கத்துகிற மகனைப் பஸ்ஸில் ஏற்ற முடியாது, கார்தான் பிடிக்க வேண்டும். அந்தக் கார் வாடகை இல்லாததால் பதிவேட்டுக்கு வராமலே போன பெயர்கள் எத்தனையோ. வருசநாடு, கடமலைக்குண்டுப் பக்கம் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பஸ் என்று பாருங்கள்.

பழைய மாநிலக் கணக்குகளை ஒப்பிடும்போது இன்னும் கவனம் வேண்டும். 1997 வரை நாம் மதுரை மாவட்டம். பெரியாஸ்பத்திரி என்றால் மதுரைதான், அதையும் தாண்டினால் சென்னைக் கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. தமிழ்நாட்டு அரசுக்கென்று இருக்கிற பெரிய மனநல மருத்துவமனை இன்றைக்கும் அது ஒன்றுதான். ஆகவே தேனியில் மனநோய் திடீரென்று கூடிவிட்டது போல ஒரு வரைபடத்தில் தெரிந்தால், புதிய மாவட்டம் எப்போது பிறந்தது, புதிய வார்டு எப்போது திறந்தது என்று முதலில் கேளுங்கள். கம்பம் அரசு ஆஸ்பத்திரிக்கு வாரம் ஒருநாள் மனநல டாக்டர் தவறாமல் போனால் கம்பத்துப் பெயர்கள் முதலில் கூடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சந்தோஷப்படுங்கள்.

3. அட்மிஷனும் ஆளும் ஒன்றல்ல. ஒரே ஆள் வருஷத்தில் மூன்று தடவை வந்தால் படிவத்தில் மூன்று. அப்படித் திரும்பி வருகிறவர்களின் பெயரைத் தனியாக எழுதி, பக்கத்தில் மருந்து இருப்புப் பதிவேட்டை வைத்துப் பாருங்கள். மாத ஊசி தீர்ந்துபோன மாதத்துக்கும், பழைய நோயாளிகள் திரும்பி வந்த மாதத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது உங்கள் பொறுப்பு. வேறு யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

4. மற்ற வார்டுகளுக்கு நடந்து போங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

விஷம் குடித்தவர் மெடிக்கல் வார்டில் கிடப்பார், அல்லது ஐசியூவில். கேஸ் ஷீட்டில் விஷத்தின் பெயர் இருக்கும், மனதைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஐந்தாம் நாள் உயிர் பிழைத்து வீட்டுக்குப் போவார், உங்கள் படிவத்தில் அவர் இல்லை. விவசாயப் பூமியில் மனக் கஷ்டத்துக்கான அட்மிஷன்களில் கனமான பகுதி இப்படி வேறு வார்டில், வேறு பெயரில் படுத்திருக்கிறது. இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். 1995க்குப் பிறகு அங்கே தற்கொலை விகிதம் 70 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. அரசாங்கத்தின் ஆணைகள் சாவுக் கணக்கையே மாற்றின. நம் மாவட்டத்தில் எந்தப் பூச்சிமருந்து, எந்த மாதம், எந்தத் தாலுகா என்று ஒரு நோட்டுப் போட்டால் அது கலெக்டர் கூட்டத்தில் பேசும்.

பிழைத்தவரிடம் பேசும்போது போலீஸ் பயத்தைப் போக்குங்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. வீட்டுக்குக் கிளம்பும்போது 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுங்கள். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் சேவை அது, இரவிலும் தமிழில் பேசுவார்கள்.

பிரசவ வார்டையும் விடாதீர்கள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்குப் பிரசவத்துக்குப் பிந்திய தீவிர மனநோய் வரும். மாவட்டத்தில் வருஷத்துக்குப் பதினைந்தாயிரம் பிரசவம் என்று வைத்துக்கொண்டால் பதினைந்திலிருந்து முப்பது தாய்மார் இருக்க வேண்டும். உங்கள் பதிவேட்டில் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மீதிப் பேர் எங்கே? ஏதோ ஒரு வீட்டில், ‘காத்து கருப்பு’ அடித்துவிட்டது என்று வேப்பிலையோடு உட்கார வைத்திருப்பார்கள். பக்கத்தில் பச்சைக் குழந்தை இருக்கும்.

5. பெண்கள் எண்ணிக்கை குறைவாக இருந்தால் நம்பாதீர்கள்.

விடியற்காலையில் கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ போடியிலோ போய் நின்று பாருங்கள். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, ஒரு ஜீப்பில் அடைந்து நிற்கிற பெண்கள். கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போய், பொழுது சாயத் திரும்பி வருவார்கள். அதில் ஒருத்திக்கு இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை, சாகலாம் போல இருக்கிறது என்று வையுங்கள். அவள் படுத்தால் அந்த நாள் கூலி போச்சு. ஏலப்பழம் பறிக்கிற காலத்தில் யாரும் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வர மாட்டார்கள், அவளும் வர மாட்டாள்.

அட்மிஷன் என்றால் துணைக்கு ஆள் வேண்டும். புருஷனுக்கு நோய் வந்தால் பெண்டாட்டியோ ஆத்தாவோ வார்டில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்கிறார்கள். பெண்டாட்டிக்கு வந்தால் யார் படுப்பது? துணைக்கு ஆளில்லாமல் திரும்பிப் போகிற பெண்களின் பெயரை ஓபி சீட்டிலிருந்து எழுதி வையுங்கள். எழுதினால்தான் துணையாள் ஏற்பாடு கேட்டு நாம் வாதாட முடியும்.

6. குடி. ஆண்கள் பக்கத்தில் எஃப் 10 என்ற குறி வரிசையாக வரும். குடிப்பது கூடியதாலும் அது கூடும், குடியைத் திடீரென்று நிறுத்தியதாலும் கூடும். 2020 மார்ச் கடைசியில் டாஸ்மாக் மூடப்பட்டபோது என்ன ஆயிற்று? நாடு முழுவதும் கடைகள் அடைத்த அந்த நாட்களில் பெங்களூரு ஆஸ்பத்திரிகளுக்குக் கடுமையான நடுக்கத்தோடும் குழப்பத்தோடும் வந்தவர்கள் ஏறத்தாழ இருமடங்கானார்கள் என்று நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் கார்த்திகை முதல் தேதி இருக்கிறது. வருஷமெல்லாம் குடித்தவர் மாலை போட்ட அன்றோடு நிறுத்துவார். இரண்டு மூன்று நாளில் கை நடுங்கும், வலிப்பு வரும், இல்லாத பூச்சி உடம்பில் ஊர்வதாகத் தட்டிக்கொண்டே இருப்பார். ஐயப்பன் சோதிக்கிறார் என்று குருசாமி சொல்லிவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஐப்பசி மாதமே குருசாமிகளைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

7. சட்டப் பிரிவு எழுதுகிற பத்தியைக் காலியாக விடாதீர்கள். மேலே சொன்ன 2017 சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தானாக வந்து சேர்கிறவர் 86, துணையோடு சேர்க்கப்படுகிறவர் 89. முன்னது முப்பது நாள் கணக்குக்குள் வராது, பின்னதற்கு முப்பது நாள்தான் எல்லை. 2018க்கு முன்னும் பின்னும் எண்கள் மாறினால், நோய் மாறியது என்று எழுதும் முன் சட்டம் மாறியதை நினையுங்கள். தெருவில் திரிகிறவரைப் போலீஸ் கூட்டிவந்தால் அது 100ஆம் பிரிவு. 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டும். இப்படிப்பட்டவர்களுக்கான மீட்பு மையம் தேனியில் உண்டு. அது நன்றாக வேலை செய்தால் ‘ஊர்: தெரியவில்லை’ என்ற வரி பெருகும்.

8. “இங்க வர்றதுக்கு முன்னாடி எங்கெங்க போனீங்க?” என்று எல்லாக் குடும்பத்திடமும் கேளுங்கள். குணசீலம் கோயில் என்பார்கள், ஏர்வாடி தர்கா என்பார்கள், உள்ளூர்ப் பூசாரி என்பார்கள். முகத்தைச் சுளிக்காதீர்கள். அவர்களைக் கைவிடாத இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மணிக்கட்டையும் கணுக்காலையும் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஏர்வாடியில் ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். சங்கிலி போடுவதை அதே 2017 சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. தழும்பு இருந்தால் எழுதுங்கள். முதல் அறிகுறிக்கும் முதல் அட்மிஷனுக்கும் இடையே எத்தனை வருஷம் என்பதையும் எழுதுங்கள். மாநிலம் முழுக்க அந்த ஒரு எண்ணைச் சேர்த்தால், மற்ற எல்லா எண்களையும் விட அது அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

9. குமுளி, வண்டிப்பெரியாறு, பூப்பாறை என்று ஊர் வந்தால் ‘வெளி மாநிலம்’ என்று ஒதுக்காதீர்கள். மலையில் வேலை, கீழே சொந்தபந்தம் என்று வாழ்கிறவர்கள் அவர்கள். கேரளக் கணக்கிலும் இல்லாமல் நம் கணக்கிலும் இல்லாமல் விட்டுப் போவது அவர்கள்தான்.

10. சின்ன ஊரின் எண்ணை வெளியே சொல்லாதீர்கள். ‘இந்தக் கிராமத்தில் ஒருவர், பெண், 24 வயது’ என்றால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும், அவள் கல்யாணம் நின்றுவிடும். ஐந்துக்குக் குறைந்த எண்ணைத் தாலுகாவோடு சேர்த்துவிடுங்கள்.

11. அடுத்த மாதப் படிவத்தோடு, யாரும் கேட்காவிட்டாலும், ஒரு தாளைச் சேர்த்து அனுப்புங்கள். தாலுகா வாரியாக எத்தனை பேர், மெடிக்கல் வார்டில் எத்தனை பேர், துணையில்லாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று வரி போதும். கூடலூரிலிருந்து ஒருவர்கூட வராத மாதம் என்று அதில் தெரிந்தால், மறுவாரமே வண்டியை எடுத்துக்கொண்டு கூடலூருக்குப் போங்கள்.