சிவகாசி ஈன்ற தேசபக்திப் பாடகர்

"குட்டி ஜப்பான்" எனப் போற்றப்படும் சிவகாசி என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. வெம்பக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள அவ்வூரில்தான், வெடிமருந்தின்றிப் பாட்டினாலேயே வெள்ளையர் ஆட்சியை அதிரவைத்த ஒருவர் பிறந்தார். அவரே தியாகி விசுவநாததாஸ். எங்கள் வகுப்பில் அவர் பெயரைக் கேட்டபோது ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவே இதனை எழுத முற்பட்டோம்.

பிறப்பும் கலையும்

1886ஆம் ஆண்டு, முடிதிருத்தும் தொழில் செய்த குடும்பத்தில் தாஸ் பிறந்தார். பின்னர் திருமங்கலத்தில் வாழ்ந்தார். இளமையிலேயே நாடக மேடை ஏறினார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கடைசியில் அமர்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி இரவெல்லாம் பாட வேண்டும்!

பாட்டே படைக்கலம்

அன்று "ஸ்பெஷல் நாடகம்" புகழ்பெற்றிருந்தது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் ஓரிரவு கூடி, "வள்ளி திருமணம்" போன்ற, யாவரும் அறிந்த கதைகளை நடிப்பார்கள். கதை தெரிந்ததாகையால் இடையே புதிய பாடல்களைச் சேர்க்க முடிந்தது. தாஸ் அங்கே விடுதலைப் பாடல்களைப் பாடினார். மதுரகவி பாஸ்கரதாஸ் அவருக்குப் பாடல்கள் இயற்றித் தந்தார். 1919இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையும் பாட்டாயிற்று. வெள்ளைக் கொக்கைப் பாடினால் அது வெள்ளையரையே குறிக்கும் என்பதை எழுத்தறியாத மக்களும் புரிந்து கைதட்டினர். நாடகங்களைத் தடைசெய்ய அரசிடம் 1876ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. தாஸ் பலமுறை சிறை சென்றார். வெளியே வந்ததும் மீண்டும் பாடினார்.

இரு போராட்டங்கள்

அவர் பிறந்த சாதியைக் காரணம் காட்டி, நடிகையர் சிலர் அவருடன் நடிக்க மறுத்தனர். முருகனாக வேடமிட்டவரைக் கண்டு கைகூப்பும் நாட்டில் இப்படியும் ஓர் இழிவு! இதைப் படித்தபோது எங்கள் நெஞ்சம் கனத்தது. அன்னியரை எதிர்த்தவர், நம்மவரின் அவமதிப்பையும் தாங்க வேண்டியிருந்ததே!

மேடையிலேயே மறைவு

1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் உயிர் பிரிந்தது. விடுதலையைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. திருமங்கலத்தில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லமாக உள்ளது.

அன்புத் தோழியரே! பள்ளி விழாக்களில் நாமும் பாடுகிறோம், நடிக்கிறோம். குரல் இறைவன் தந்த கொடை. கைதட்டலுக்காக மட்டும் அதைச் செலவிடலாமா? அருகில் அமர்ந்திருப்பவளைச் சாதி பார்த்து ஒதுக்காதிருப்போம். அதுவே தாஸுக்கு நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலி.

பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு